ஆபீஸுக்குப் போகாத கார்

பாயா தெருபோங், பினாங்கு.
செவ்வாய்க்கிழமை மதியம்.

அன்பு மகள் சுபாஷினிக்கு,

நீ செய்தது தவறு. அதை முதலில் எழுதி வைத்துவிட்டுத்தான் நலம் கேட்கிறேன். ஆபீஸே இல்லாத ஒரு பையனை, வாரத்தில் மூன்று நாள், ஐந்து மாதமாக, விடியும் முன் சட்டை போட வைத்து, வேலைக்குப் போகிறவன் போலக் காரை எடுக்க வைத்து, அந்தக் காரில் உன் அம்மாவையும் என்னையும் ஏற்றி அனுப்பியிருக்கிறாய். உனக்குத் தெரியும், உன் அம்மாவுக்குத் தெரியும், காரை ஓட்டிய தனேஷுக்குத் தெரியும், அவன் மனைவி குமுதாவுக்குத் தெரியும், பாயான் பாருவில் ரொட்டி போடுகிறவருக்குக்கூடத் தெரியும். எனக்கு ஒருவனுக்குத்தான் தெரியாது. இது அன்பினால் செய்தது என்று நீ சொல்வாய். அன்பினால் செய்தாலும் தவறு தவறுதான்.

இனி நலம். டப்ளினில் குளிர் விட்டதா, தொண்டைக் கட்டு சரியானதா, நேரத்துக்குச் சாப்பிடுகிறாயா. இங்கே யாவரும் சுகம் என்று எழுதுவதுதான் முறை, இன்று அதை எழுதக் கை வரவில்லை. நான் சுகம். உன் அம்மா இரண்டு தலையணையை முதுகுக்குக் கொடுத்துச் சாய்ந்து உட்கார்ந்திருக்கிறாள், படுத்தால் மூச்சு முட்டுகிறது. கால் இரண்டும் வீங்கிச் செருப்புக்குள் போகவில்லை. நேற்று அவளுக்கு இரத்தச் சுத்திகரிப்பு நடக்கவில்லை. இது உனக்குத் தெரியாது, உன்னிடம் சொல்ல வேண்டாம் என்று அவளைத் தடுத்தது நான். நானும் ஒரு நாள் மறைத்துவிட்டேன், அதையும் எழுதிவிட்டேன். எப்படி நடக்காமல் போனது என்பதை வரிசையாகச் சொல்கிறேன். போனில் சொன்னால் பாதியில் நீ அழுவாய், நீ அழுதால் நான் சொல்ல வந்ததை விட்டுவிட்டு வேறு எதையோ பேசிச் சிரிக்க வைப்பேன். தாளில் யாரும் குறுக்கே பேச முடியாது. எழுதி முடித்ததும் கீழே ஜெராக்ஸ் கடையில் படம் பிடித்து உனக்கு அனுப்பச் சொல்வேன். அங்கே உனக்குக் காலை, நீ பசியாறும் நேரத்தில் வந்து சேரும்.

தும்பாங் என்றால் என்னவென்று நீ மறந்திருக்க மாட்டாய். ஒருத்தர் தன் வேலைக்குத் தன் வண்டியில் போகிறார், அவர் போகிற வழியில் நமக்கும் வேலை இருக்கிறது, காலியாக இருக்கும் இடத்தில் ஏறிக்கொள்கிறோம். காசு பேசுவதில்லை, கொடுத்தாலும் வாங்கமாட்டார்கள். ஆனால் அதற்கென்று முறை உண்டு, எனக்கு யாரும் கற்றுக்கொடுக்கவில்லை, நானாகத் தெரிந்துகொண்டது. மார்க்கெட் ஸ்ட்ரீட் மசாலைக் கடையில் மிளகு நிறுத்துக்கொண்டிருந்த காலத்தில் வேலைக்கு நடந்துதான் போனேன், ஒருவர் வண்டியையும் எதிர்பார்த்ததில்லை. மூன்றாம் வகுப்போடு நின்றவன், பொட்டலம் மடிக்க வந்த செய்தித்தாளை மடிக்கும் முன் படித்துப் படித்துத்தான் எழுத்தும் வந்தது. டவுனில் வீட்டு வாடகை ஏறி இந்தப் பதினைந்தாம் மாடிக்கு வந்த பிறகு, எதிர் பிளாக்கிலிருந்த, ஆபீஸில் கணக்கு எழுதும் ஒரு கிராணியோடு ஒன்பது வருஷம் தும்பாங் போனேன். அவர் கீழே வருவதற்குப் பத்து நிமிஷம் முன்னால் நான் நிற்பேன், அவரை ஒரு நாளும் நிற்க வைத்ததில்லை. எனக்காக ஒரு சந்து திரும்பச் சொன்னதில்லை. அவர் லீவு என்றால் நான் பஸ். ஏனென்றால் அவர் எனக்காகப் போகவில்லை, தனக்காகப் போகிறார், நான் அதில் ஒட்டிக்கொண்டவன். அந்த ஒன்று இருக்கும்வரைதான் தலை நிமிர்ந்து அந்தக் காரில் உட்கார முடியும்.

உன் அம்மாவுக்குச் சிறுநீரகம் கெட்டு, பாயான் பாருவிலுள்ள தர்ம டயாலிசிஸ் நிலையத்தில் நாற்காலி கிடைத்தபோது திங்கள், புதன், வெள்ளி காலை ஆறரை மணி என்றார்கள். திரும்பி வருவதற்கு நிலையத்தின் வேன் இருக்கிறது, ஆனால் வேன்காரர் ஒன்பது மணிக்குத்தான் வேலைக்கு வருகிறார், காலையில் ஏற்றிப்போக ஆள் இல்லை. அப்போதுதான் பன்னிரண்டாம் மாடித் தனேஷ், அங்கிள், நான் பாயான் லெப்பாஸ் ஃபேக்டரிக்குத்தானே போறேன், ரெலாவ் மலைய இறங்கினா உங்க சென்டர், என் சீட்டு மூணும் சும்மாதான் காத்து வாங்குது, ஏறுங்க என்று சொன்னான். அது சரியான தும்பாங். ஒன்றரை வருஷம் போனோம், எனக்கு ஒரு உறுத்தலும் இல்லை.

பிறகு அவன் கம்பெனியில் சாமான் வாங்கும் பிரிவு முழுவதையும் வீட்டிலிருந்தே வேலை பார்க்கச் சொல்லிவிட்டு, அவர்கள் இருந்த மாடியையே காலி செய்துவிட்டார்கள். இதை அவன் முதலில் உன்னிடம் சொல்லியிருக்கிறான். நீ, அப்பாகிட்ட மட்டும் சொல்லிடாதீங்க, தெரிஞ்சா ஏறமாட்டாரு என்று சொல்லியிருக்கிறாய். அதிலிருந்து அந்தப் பையன் செய்ததைக் கேள். ஆறு மணிக்குக் கழுத்தில் கம்பெனி அட்டையை மாட்டிக்கொண்டு வருவான். எங்களை இறக்கிவிட்டுத் திரும்பி வீட்டுக்கு வந்துவிடலாம் அல்லவா, வரமாட்டான். பதினொன்றரைக்கு வேனில் நாங்கள் வந்து இறங்கும்போது அவன் கார் கீழே நின்றால் எனக்குத் தெரிந்துவிடும் என்று, சாயங்காலம் ஆறு மணிவரை வெளியிலேயே இருந்துவிட்டு, எல்லாரும் வேலை விட்டு வருகிற நேரத்துக்கு வந்து சேருவான். நான் மேலே ஜன்னலில் நின்று பார்த்து, உழைக்கிற பையன், பாவம், இப்பதான் வர்றான் என்று உன் அம்மாவிடம் சொல்வேன். அவள் துணி மடிப்பதைப் போலத் திரும்பிக்கொள்வாள். குமுதா ஒரு நாள் மின்தூக்கியில் கைக்குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு, வேலை வீட்டுக்கு வந்துருச்சு அங்கிள், ஆளுதான் வரல என்று சொல்லிச் சிரித்தாள். யாரைப் பற்றியோ சொல்கிறாள் என்று நானும் சிரித்து வைத்தேன். அவளும் வீட்டிலிருந்துதான் ஒரு காப்புறுதிக் கம்பெனிக்குக் கணக்கு எழுதுகிறாள். குழந்தையை ஒரு மணி நேரம் வாங்கிக்கொள்ள ஆள் கிடைத்தது என்று அவள் நினைத்திருப்பாள். அந்த ஆளை நாங்கள் எடுத்துக்கொண்டோம்.

போன புதன்கிழமை எட்டரை மணிக்கு மெஷினில் இருக்கும்போதே உன் அம்மாவுக்குச் சர்க்கரை இறங்கிவிட்டது. தாதி ஷாஹிரா, ஐயா, பின்னாடி கடையில ஒரு ரொட்டி, கொஞ்சமா இனிப்புத் தேத்தண்ணி, ஓடிப் போய் வாங்கிட்டு வாங்க என்றார். நான் எப்போதும் அவள் நாற்காலிக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்திருப்பவன், அந்தக் கடைக்குப் போனதே இல்லை. போய்ப் பார்த்தால் மூலையில், காற்றாடிக்குக் கீழே, சப்பாத்தைக் கழற்றிவிட்டுக் காலை மடக்கி உட்கார்ந்துகொண்டு, காதில் ஒயரும் முன்னால் கணினியுமாகத் தனேஷ். கணினிக்குள் நாலு முகம் பேசிக்கொண்டிருக்கிறது. என்னைப் பார்த்ததும் எழுந்துவிட்டான், ஒயர் காதிலிருந்து கழன்று விழுந்தது. அங்கிள், இன்னிக்கு மட்டும்தான் இங்க, ஆபீஸ்ல கரண்ட் இல்ல என்றான். கல்லாவில் இருந்த முகம்மது கனி பாய் வாய்விட்டுச் சிரித்து, அஞ்சு மாசமாவா தம்பி கரண்ட் இல்ல, பில்லு கட்டச் சொல்லுலா என்றார். என்னிடம் திரும்பி, வாங்கண்ணே, நீங்கதான் அந்த டயாலிசிஸ் அண்ணனா, இவருக்கு என் கடைதான் ஹெட் ஆபீஸு, வாடகை கேட்டா இன்னும் ரெண்டு ரொட்டி போடுங்கன்னு சொல்றாரு என்றார். அவர் கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. நான் ரொட்டியையும் தேத்தண்ணீரையும் வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன்.

எனக்கு எது சுட்டது தெரியுமா? ஏமாற்றினார்கள் என்பது இரண்டாவது. இந்த ஐந்து மாதமும், வாரத்தில் மூன்று நாள், காலையில் உன் அம்மாவை நான் விரட்டியிருக்கிறேன். புடவையைச் சீக்கிரம் கட்டு, அந்தப் பையனுக்கு லேட்டாகிறது, ஏழு மணிக்கு மேல் ஃபேக்டரியில் கார் நிறுத்த இடம் கிடைக்காது, நம்மால் அவன் பேச்சு வாங்கக் கூடாது என்று, நடக்க முடியாதவளை மின்தூக்கிவரை கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போவேன். ஒரு நாள் வாசலில் தடுக்கி முழங்காலில் விழுந்தாள், அதற்கும் திட்டினேன். காரில் ஏறியதும் தனேஷிடம் மன்னிப்புக் கேட்பேன். பெரிய அதிகாரி திட்டப் போறாரு தம்பி என்பேன், அவன், அவரு இன்னும் தூங்கிட்டு இருப்பாரு அங்கிள், நீங்க மெதுவா ஏறுங்க என்பான். உன் அம்மா பின்சீட்டில் உட்கார்ந்து எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு வந்திருக்கிறாள். இல்லாத ஒரு ஆபீஸுக்காக அவளை விரட்டியிருக்கிறேன். அவள் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் மெதுவாக நடந்திருக்கலாம். சொன்னால் கார் நின்றுவிடும் என்று விழுந்த காலோடு வேகமாக நடந்திருக்கிறாள்.

அன்று சாயங்காலம் தனேஷும் குமுதாவும் குழந்தையோடு மேலே வந்தார்கள். அவன், எனக்கு ஒரு சிரமமும் இல்ல அங்கிள், வீட்டுல பாப்பா அழுவுறா, கடையில உட்கார்ந்தா வேலை நல்லா ஓடுது என்றான். நான் குமுதாவைப் பார்த்தேன், அவள் தரையைப் பார்த்தாள். எனக்கு அது போதும். நீ போற வழியில எங்கள ஏத்தினா சரி தம்பி, எங்களுக்காகவே ஒரு வழிய உண்டாக்கிக்கிட்டுப் போறது என்னா கணக்கு என்று கேட்டேன். கணக்கெல்லாம் எதுக்கு அங்கிள், ஏறி உட்காருங்க, அவ்வளவுதான் என்றான். அதோடு விட்டிருக்க வேண்டும். நான் விடவில்லை. நல்லா நாடகம் ஆடினே தம்பி, பிச்சை எடுக்கிறது தெரியாமலே என்னைப் பிச்சை எடுக்க வெச்சிட்டே என்று சொல்லிவிட்டேன். குழந்தை அழுதது, அவர்கள் எழுந்து போய்விட்டார்கள். உன் அம்மா கதவைச் சாத்திவிட்டு வந்து, தெரிஞ்சிருந்தா நீங்க ஏறியிருப்பீங்களா, என் ரத்தத்தக் கழுவத்தான் மெஷின் இருக்கு, உங்க ரோஷத்தக் கழுவுறதுக்கு இன்னும் யாரும் மெஷின் கண்டுபிடிக்கல என்றாள். அதன் பிறகு என்னோடு அவசியத்துக்கு மட்டும் பேசுகிறாள்.

வெள்ளிக்கிழமை பஸ்ஸில் கிளம்பினோம். ஐந்தரைக்குக் கீழே இறங்கினால், தனேஷ் அரைக்கால் சட்டையும் பனியனுமாகக் காரை ஓட விட்டு வாசலில் நிற்கிறான். கழுத்தில் அட்டை இல்லை. வாங்க ஆன்ட்டி என்று பின்கதவைத் திறந்தான். நான் உன் அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு அவனைக் கடந்து பஸ் நிற்கும் இடத்துக்கு நடந்தேன். அவள் திரும்பித் திரும்பிப் பார்த்தாள். ஒரு பஸ் ஏறி, இறங்கி, இன்னொரு பஸ் பிடித்து, நடந்து, நிலையத்துக்குப் போகும்போது ஏழே முக்கால். பதினோரு மணிக்கு அடுத்த ஆளுக்கு அந்த நாற்காலி வேண்டும், அதற்குள் மெஷினையும் கழுவ வேண்டும், அதனால் நாலு மணி நேரம் ஓட வேண்டியதை இரண்டரை மணி நேரத்தில் நிறுத்திவிட்டார்கள். ஷாஹிரா கோபப்படவில்லை, அது இன்னும் கஷ்டமாக இருந்தது. ஐயா, தண்ணி உள்ளுக்கே நிக்கும், சனி ஞாயிறு கவனமா இருங்க, திங்கக்கிழமை சீக்கிரம் வந்துருங்க என்றார்.

சனிக்கிழமை வேலுவைத் தேடிப் போனேன், ஃபேக்டரி பஸ் ஓட்டுகிறவர், முன்பு எங்கள் பிளாக் வாசலில் நின்றுதான் பெண்களை ஏற்றிப் போவார். ஓரமாக ஒரு இடம் கேட்டேன். அண்ணே, ஆபீஸ் ஆளுங்க வீட்டுல உட்கார்ந்துட்டதும் ஆறு பஸ்ஸ மூணா ஆக்கிட்டாங்க, இப்ப நான் வேற பக்கம் சுத்திப் போறேன், உங்க பிளாக்கு என் லிஸ்டுலயே இல்ல, இருந்தாலும் அட்டையத் தட்டினாத்தான் ஏத்தணும்னு சட்டம்லா என்றார். அவரைக் குறை சொல்ல முடியாது. எனக்குத் தெரிந்து இந்தப் பிளாக்கிலிருந்து காலை ஆறு மணிக்குப் பாயான் லெப்பாஸ் பக்கம் ஒன்பது கார் போகும். வெள்ளை மைவி, சிவப்பு சாகா என்று வரிசையே எனக்குப் பாடம். இப்போது காலை பத்து மணிக்கு எட்டிப் பார்த்தால் கார் நிறுத்துமிடம் நிறைந்து கிடக்கிறது, எல்லாக் காரும் இருக்கிறது, ஒன்றும் எங்கேயும் போகவில்லை. பத்திரிகையில் இதை நல்ல சேதியாக எழுதுகிறார்கள், சாலையில் நெரிசல் குறைந்தது, எண்ணெய் மிச்சம், பிள்ளைகளோடு இருக்க நேரம் கிடைக்கிறது என்று. பொய் இல்லை, எல்லாம் உண்மை. அடுத்தவர் பயணத்தில் தொற்றிக்கொண்டு வாழ்கிற எங்களைப் போன்றவர்கள் இருக்கிறோம் என்பதை மட்டும் யாரும் எழுதவில்லை. எட்டாம் மாடியில் ஃபேக்டரித் தரை துடைக்கப் போகிற ஒரு அம்மாள், வேலையை வீட்டுக்குக் கொண்டுவர அவளால் முடியுமா, அவளைக் காரில் ஏற்றிப்போன பெண் இப்போது வீட்டில், இந்த அம்மாள் ஒன்றரை மணி நேரம் முன்னால் எழுந்து போகிறாள். யார் மேல் புகார் கொடுப்பது? ஒருவரும் ஒரு தப்பும் செய்யவில்லை. அவரவர் வீட்டில் அவரவர் உட்கார்ந்திருக்கிறார்கள், அவ்வளவுதான்.

வெள்ளிக்கிழமை நடந்ததை உன் அம்மாவிடம் கேட்டு ஞாயிற்றுக்கிழமை நீ அனுப்பிய குரல் பதிவை இரண்டு தடவை கேட்டேன். உங்க கௌரவத்துக்காக அம்மாவக் கொல்லப் பாக்குறீங்களா அப்பா என்று கேட்டிருக்கிறாய். அதற்கு நான் பதில் எழுதப்போவதில்லை. திங்கட்கிழமை நடந்ததை மட்டும் எழுதுகிறேன். மழை. ஐந்து மணிக்கே எழுந்து, குடையோடு, அவள் காலுக்கு என் ரப்பர் செருப்பைப் போட்டுவிட்டு இறங்கினோம். வாசலில் தனேஷ் இல்லை. அவனை வரவிடாமல் செய்தவன் நான், ஆனாலும் கார் நிற்கிறதா என்று பார்த்தேன். அவளும் பார்த்தாள். பஸ் வந்தது, முதல் படியில் கால் வைத்தாள், தூக்க முடியவில்லை. நான் கீழேயிருந்து தாங்கினேன், எனக்கும் தெம்பு போதவில்லை. ஓட்டுநர் எழுந்து வந்து கை கொடுத்தார், அப்போதும் முடியவில்லை, மூச்சு வாங்கி அப்படியே சாலையோரக் கல்லில் உட்கார்ந்துவிட்டாள். பஸ்ஸில் வேலைக்குப் போகிறவர்கள் இருந்தார்கள், எவ்வளவு நேரம் நிற்பது, நான்தான் போகச் சொன்னேன். நனைந்தபடி அரை மணி நேரம் அங்கேயே உட்கார்ந்திருந்தோம். வீட்டுக்குப் போகலாங்க என்றாள். திரும்பிவிட்டோம்.

கைப்பேசியில் கார் கூப்பிடுங்கள், நான் இங்கிருந்தே பணம் கட்டுகிறேன் என்று நீ சொல்வாய், பல தடவை சொல்லியும் இருக்கிறாய். நேற்றும் கூப்பிடலாம் என்றுதான் சொன்னேன், உன் அம்மா தலையை ஆட்டிவிட்டாள். பணம் அல்ல காரணம். போன வருஷம் வேன் பழுதான ஒரு நாள் அப்படி ஒரு காரில் திரும்பும்போது ஊசி போட்ட கையில் கட்டு அவிழ்ந்து சீட்டெல்லாம் இரத்தம் ஆகிவிட்டது. ஓட்டிய ஆள் கெட்டவர் இல்லை, சின்ன வயது, அவருக்கு அடுத்த சவாரி இருக்கிறது. ஆன்ட்டி, இத எப்படிக் கழுவுறது, இன்னிக்கு என் பிழைப்புப் போச்சே என்று தலையில் கை வைத்தார். அவள் தன் முந்தானையால் அந்தச் சீட்டைத் துடைத்துக்கொண்டே வந்தாள். அதிலிருந்து முன்பின் தெரியாதவர் காரில் ஏறமாட்டேன் என்கிறாள். நான் ஒருத்தன் பிடிவாதக்காரன் என்று நினைக்காதே, இந்த வீட்டில் இரண்டு பேர். இன்று காலை சொல்லிவிட்டாள், நாளைக்குத் தனேஷ் கார் வந்தால் போகிறேன், இல்லையென்றால் இப்படியே சாய்ந்திருக்கிறேன், யாரையும் கூப்பிட வேண்டாம் என்று. ஷாஹிராவுக்குப் போன் செய்தேன். இன்று மூச்சு அதிகமானால் யோசிக்காமல் பெரிய ஆஸ்பத்திரி, இல்லையென்றால் நாளைக் காலை ஆறரைக்கு நாற்காலி தயாராக இருக்கும், இதையும் தவறவிட்டால் நான் பொறுப்புச் சொல்ல முடியாது என்றார். செவ்வாய், வியாழன் ஆட்களுக்கே இடம் இல்லையாம், இன்று நடுவில் ஏற்ற வழியில்லை.

உன்னை ஒன்று கேட்டது ஞாபகம் இருக்கிறதா? உனக்கும் வீட்டிலிருந்துதானே வேலை, எந்த வீடாக இருந்தால் என்ன, இந்த வீட்டில் மேசை போட்டுத் தருகிறேன், ஒரு கார் வாங்கி ஓட்டு என்றேன். நீ, அப்பா, அப்படி முடியாது, வெளிநாட்டுல இருந்து வருஷத்துக்கு இருபது நாள்தான் பாக்கலாம், வரி, சட்டம், என்னென்னமோ இருக்கு என்றாய். வேலைக்கு ஆபீஸ் வேண்டாமாம், நாடு மட்டும் வேண்டுமாம். உன்மேல் வருத்தம் இல்லை, நீ சட்டம் போட்டவள் இல்லை. ஆனால் உன் அம்மாவுக்கு வாரத்தில் மூன்று நாள் என்பது இருபது நாளோடு முடிகிற விஷயமா? உயிர் இருக்கும்வரை மூன்று நாள். ஒருவருக்கு ஒரு தடவை உதவி கேட்கலாம், பத்துத் தடவை கேட்கலாம். உயிர் இருக்கும்வரை என்று எந்த வாயால் கேட்பது? அதுதான் எனக்கு வரவில்லை மகளே, ரோஷம் என்று நீங்கள் எல்லாரும் சேர்ந்து பெயர் வைத்திருக்கிறீர்கள்.

ஒரே ஒரு வழி இருக்கிறது. பதினோரு மணி நாற்காலிக்கு மாறினால் போவதற்கும் வருவதற்கும் நிலையத்தின் வேனே போதும், யாரையும் கேட்க வேண்டாம். இதை ஷாஹிராவிடம் அதே போனிலேயே கேட்டேன். எழுதி வைத்துக்கொண்டார், எங்களுக்கு முன்னால் மூன்று பேர் காத்திருக்கிறார்களாம். எப்போது கிடைக்கும் என்றேன். யாராவது விட்டாத்தான் ஐயா என்றார். யாரும் அந்த நாற்காலியை உயிரோடு விடுவதில்லை என்று எனக்கும் தெரியும், அவருக்கும் தெரியும்.

உனக்கு எங்கள் இருவருடைய ஆசியும் உண்டு. உடம்பு கெடாமல், மனம் கெடாமல் இரு. நாள் முழுவதும் கதவைத் திறக்காமல் கணினி முன்னால் உட்கார்ந்திருக்கிறாய் என்று அம்மா சொன்னாள், பால் வாங்கவாவது நடந்து போ, பக்கத்து வீட்டில் இருப்பது யார் என்று தெரிந்துகொள். காய்ச்சல் என்றால் மறைக்காமல் சொல். இனி இந்த வீட்டில் யாரும் யாரிடமும் எதையும் மறைக்க வேண்டாம்.

இதற்கு மேல் நடக்க வேண்டியதைச் சொல்கிறேன், ஒன்றும் மாறக் கூடாது. இதைப் படித்த உடனே நீ தனேஷுக்குப் போன் செய்ய வேண்டும், அவனிடம் அப்படிப் பேசிய வாயால் என்னால் கேட்க முடியாது, நீ என் பெயரைச் சொல்லியே கேள், அப்பா கேட்கச் சொன்னார் என்று சொல். அதற்கு முன் குமுதாவிடம் தனியாகக் கேட்க வேண்டும், அவள் வேண்டாம் என்றால் வேண்டாம்தான், அவளைக் கரைக்கப் பார்க்காதே, எனக்குச் சொல்லிவிடு, நான் ஆம்புலன்ஸுக்குச் சொல்லிக்கொள்கிறேன், அதில் ஏற உன் அம்மாவைச் சம்மதிக்க வைப்பது உன் பொறுப்பு. குமுதா சரி என்றால் தனேஷ் காலை ஆறு மணிக்கு வர வேண்டும், அட்டை மாட்டிக்கொள்ளக் கூடாது, எங்களை இறக்கிவிட்டு முகம்மது கனி பாய் கடையில் உட்காராமல் நேரே வீட்டுக்கு வந்து குழந்தையை வாங்கிக்கொள்ள வேண்டும். உன் அம்மா மெதுவாக நடக்க வேண்டும், எவ்வளவு நேரமானாலும் சரி. ஷாஹிரா பதினோரு மணி நாற்காலி கிடைத்ததும் எனக்குச் சொல்ல வேண்டும். நான் நாளைக்கு அந்தக் காரில் ஏற வேண்டும், ஏறி வாயைத் திறக்காமல் உட்கார வேண்டும். ஷாஹிரா கூப்பிடும் நாளில், அந்த நாற்காலி எப்படிக் காலியானது என்று நான் அவரிடம் கேட்கக் கூடாது.

இப்படிக்கு,
உன் அப்பா
மு. ராமசாமி